கோட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தைகள்
தொடக்கப் பள்ளி வயதில் உடல் பருமன்: சென்னைத் தரவுகளை முன்வைத்து

1. இரண்டு எண்கள்

மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் சென்னையின் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையிலான 18,955 பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து, முடிவுகளை 2014இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியிட்டனர். தனியார் பள்ளிப் பிள்ளைகளில் 21.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ கொண்டிருந்தனர். அரசுப் பள்ளிகளில் அது 3.6 விழுக்காடு. ஒரே ஊர், ஒரே வெயில். இடைவெளியோ ஏறத்தாழ ஆறு மடங்கு.

இந்த இடைவெளிக்கு வழக்கமாக ஒரு பொருள் சொல்லப்படுகிறது. உடல் பருமன் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை. ஏழை வீட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை ஊட்டக்குறைவு. நாளிதழ்களின் இணைப்பிதழ்கள் முதல் வகைப் பெற்றோருக்கு அறிவுரை சொல்கின்றன. அரசு அறிக்கைகள் இரண்டாம் வகைப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கின்றன. ஒன்றைப் படிப்பவர் மற்றதைப் படிப்பதில்லை. தொடக்கப் பள்ளி வயதில், அதாவது 5 முதல் 10 வயதுக்குள், இந்தப் பிரிவினை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பெரிதாகப் பொருந்தாது என்பது என் வாதம். 3.6 என்ற எண்ணை ஆறுதலாக எடுத்துக்கொள்ள நம்மிடம் உள்ள சான்றுகள் இடம் தரவில்லை.

தேசிய அளவிலான படமும் இதே இரட்டைத் தன்மை கொண்டது. 2016–18இல் நடந்த தேசிய முழுமை ஊட்டச்சத்து ஆய்வு, 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றும், ஏறத்தாழ அதே அளவினர் மெலிந்தவர்கள் என்றும் கண்டது. மிகை எடை கொண்டவர்கள் 100க்கு 4 பேர் மட்டுமே. ஆனால் அதே ஆய்வு இரத்தத்தையும் பரிசோதித்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவரிடம் நீரிழிவுக்கு முந்தைய நிலை காணப்பட்டது. நூற்றில் 4 பேர் மட்டுமே 'குண்டு' என்றால், நூற்றில் 10 பேரின் இரத்தச் சர்க்கரை ஏன் ஏறியிருக்கிறது? மெலிவும் சர்க்கரையும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கின்றன. சில சமயம் ஒரே உடலிலும் இருக்கக்கூடும்.

2. எந்தக் கோடு?

பெரியவர்களுக்கான உடல் நிறை எண் எளியது. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விடை 25ஐ எட்டினால் மிகை எடை, 30ஐ எட்டினால் பருமன். குழந்தைகளுக்கு அப்படி ஒரே எண் வைக்க முடியாது. பிறந்த முதல் ஆண்டில் இந்த எண் ஏறுகிறது. பிறகு குழந்தை நடந்து, ஓடி, உயர்ந்து வளர வளர இறங்குகிறது. ஐந்து, ஆறு வயதில் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மீண்டும் ஏறத் தொடங்குகிறது. முதல் வகுப்பில் சேரும் பிள்ளை ஒட்டிய கன்னமும் தெரியும் விலா எலும்புமாக இருப்பதைப் பார்த்துப் பாட்டிமார் கவலைப்படுவது இந்த இறக்கத்தின் விளைவு. உண்மையில் அது பெரும்பாலும் சரியான வளர்ச்சி.

ஆகவே குழந்தையின் எண்ணை அதே வயது, அதே பாலினப் பிள்ளைகளின் வளைகோட்டோடு ஒப்பிட வேண்டும். எந்த வளைகோடு என்பதில்தான் சிக்கல். பன்னாட்டு உடல் பருமன் குழு 2000இல் வெளியிட்ட கோடு, 18 வயதில் 25, 30 ஆகிய எண்களைச் சென்றடையும்படி பின்னோக்கி வரையப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டுக் கோடு சராசரியிலிருந்து விலகும் அளவை அடிப்படையாகக் கொண்டது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வரைபடம் 18 வயதில் 23, 27 என்ற தாழ்ந்த எண்களை நோக்கிச் செல்கிறது. ஆசிய உடல்களுக்கு நீரிழிவும் இதயநோயும் குறைந்த எடையிலேயே வந்துவிடுகின்றன என்பது அதற்கான காரணம்.

சென்னை ஆய்வாளர்கள் இரண்டு அளவுகோல்களைப் பயன்படுத்தினார்கள். மேலே சொன்ன 21.4, 3.6 ஆகியவை பன்னாட்டுக் கோட்டின்படி வந்தவை. இந்தியப் பிள்ளைகளை வைத்து கடில்கர் குழுவினர் வரைந்த கோட்டின்படி அதே பிள்ளைகளிடையே எண்கள் 26.4, 4.6 என உயர்கின்றன. எந்தக் குழந்தையும் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. செய்திகளில் 'சென்னையில் நான்கில் ஒரு குழந்தை', 'ஐந்தில் ஒரு குழந்தை' என்று மாறி மாறி வரும் தலைப்புகளை வாசிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எந்தக் கோடு என்று சொல்லாத விழுக்காடு எதையும் சொல்வதில்லை.

இதில் இன்னொரு நுட்பமான ஆபத்தும் உண்டு. வளைகோட்டை இன்றைய வசதியான பிள்ளைகளை அளந்து வரைந்தால், அவர்களுடைய மிகை எடையே நாளைய 'இயல்பு' ஆகிவிடும். ஊரே பெருத்தால் யாரும் பருமனாகத் தெரியமாட்டார்கள்.

3. மெலிந்த உடலின் கொழுப்பு

கோட்டைவிட முக்கியமானது அந்தக் கோடு எதை அளக்கவில்லை என்பது. உடல் நிறை எண்ணுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான்.

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் ஒரே பக்கத்தில் இந்த உண்மையைச் சொல்லிவிட்டார்கள். இருவரின் படமும் அருகருகே. இருவரின் உடல் நிறை எண்ணும் 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. அந்தப் பக்கம் நகைச்சுவையாகவே இன்றும் காட்டப்படுகிறது. ஆனால் அதன் பின்னால் யாஜ்னிக் குழுவினரின் நீண்ட காலப் புனே ஆய்வுகள் இருந்தன. புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டபோது, சராசரிப் பிறப்பு எடை புனேயில் 2.7 கிலோவாகவும் சவுத்ஹாம்ப்டனில் 3.5 கிலோவாகவும் இருந்தது. இந்தியக் குழந்தைகள் எல்லாவற்றிலும் சிறியவர்கள். தசையும் உள்ளுறுப்புகளும் நன்றாகவே குறைந்திருந்தன; தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தெரிந்தாலும் கொழுப்பின் பங்கு கூடிய உடலோடு பிறந்த குழந்தைகள் அவர்கள்.

அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகும் வயதில் என்ன ஆகிறது? இதற்கு நம் நாட்டின் மிகச் சிறந்த சான்று டெல்லியிலிருந்து வருகிறது. ஒரு பகுதியில் பிறந்தவர்களைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்து, அவர்கள் 26 முதல் 32 வயதில் இருக்கும்போது இரத்தச் சர்க்கரையை அளந்த ஆய்வு அது. பார்கவா, சச்தேவ் குழுவினர் 2004இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டனர். சர்க்கரை ஏறியவர்களின் வளர்ச்சியில் ஒரு பொது வடிவம் தெரிந்தது: இரண்டு வயது வரை மெலிவு; பிறகு உடல் நிறை எண் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பும் அந்தத் திருப்பம் மற்றவர்களைவிடச் சீக்கிரமே நேர்ந்தது; அங்கிருந்து வேகமான ஏற்றம். ஆனால் 12 வயதில் இவர்களில் ஒருவர்கூடப் பன்னாட்டுக் கோட்டின்படி பருமனாக இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில் சற்று நிற்க வேண்டும். பின்னாளில் நோயாளி ஆனவர்கள் பள்ளியில் எந்த எடைக் கணக்கெடுப்பிலும் சிக்கியிருக்கமாட்டார்கள். அவர்கள் தப்பிய இடம் உயரமான கோடு. அவர்களைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடியது, ஒவ்வோர் ஆண்டும் ஒரே பிள்ளையை அளந்து பார்க்கும் பாதை. சிறிதாகப் பிறந்து, இரண்டு வயது வரை மெலிந்து, ஆறு வயதிலிருந்து வேகமாகச் சதை வைக்கும் பிள்ளை எங்கே அதிகம் இருக்கும்? வசதியான பள்ளியில் மட்டும் என்று சொல்ல முடியாது. சென்னையின் 3.6 விழுக்காட்டுக்கு வெளியே 'இயல்பு' என்று எழுதப்பட்டவர்களில் அத்தகையவர்கள் எத்தனை பேர் என்பதை ஒருமுறை அளக்கும் ஆய்வால் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அது வலுவானது. டெல்லி ஆய்வில் உள்ளவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன் பிறந்தவர்கள். இன்றைய பிள்ளைகளின் உணவும் உலகமும் வேறு. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மாற்றம் எந்தத் திசையில் என்று பார்த்தால் கவலை கூடவே செய்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மிகை எடை அல்லது பருமன் கொண்ட பெண்கள் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4. அதே 2019–21இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். எடை கூடிய தாயும் உயரம் குறைந்த குழந்தையும் ஒரே வீட்டில் இருக்கும் மாநிலம் இது.

4. டிபன் பாக்ஸும் பெட்டிக்கடையும்

உணவைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் தாய்மாரைக் குறை சொல்வது நம்மிடம் ஒரு பழக்கமாகிவிட்டது. காலை ஏழரைக்கு வேன் வந்துவிடும். அதற்குள் ஒரு டிபன் பாக்ஸ், ஒரு ஸ்நாக்ஸ் பாக்ஸ், ஒரு தண்ணீர் பாட்டில் தயாராக வேண்டும். இரண்டாவது பெட்டியில் பிஸ்கட் இருப்பது சோம்பலால் அல்ல, நேரத்தால். பழம் அல்லது சுண்டல்தான் கொண்டுவர வேண்டும் என்று விதி போடும் பள்ளிகள் உண்டு. விதி நல்லது, ஆனால் அதை நிறைவேற்றும் கூடுதல் கால் மணி நேரம் யாருடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்று எந்தச் சுற்றறிக்கையும் கேட்பதில்லை.

பெற்றோரின் அறியாமை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி விற்கப்பட்ட அறிவு. பாலில் கலக்கும் மால்ட் பொடி உயரமும் நினைவாற்றலும் தரும் என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லப்பட்டது. மளிகைப் பட்டியலில் அரிசி, பருப்புக்கு அடுத்து அது இடம்பிடித்தது. இந்திய உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதை ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில்தான் இணைய விற்பனையாளர்களுக்கு நினைவூட்டி, அந்தப் பெயரில் பட்டியலிடாதீர்கள் என்றது. அதே பொடியின் டப்பாவைத் திருப்பிப் படித்தால் முதல் சில பொருள்களுக்குள் சர்க்கரை இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது, சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் நாளின் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று. காலையும் மாலையும் இரண்டு டம்ளர், நடுவில் வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் சாக்லேட் என்றால் அந்த எல்லை எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அரசுப் பள்ளிப் பிள்ளையின் சந்தை வேறு. அது பள்ளி வாசலுக்கு எதிரே, பெட்டிக்கடையில் தோரணமாகத் தொங்குகிறது. ஐந்து ரூபாய்ப் பாக்கெட். எண்ணெயில் பொரித்த சோள மாவு, உப்பு, மசாலா. இந்த ஐந்து ரூபாய் விலைதான் சென்னை ஆய்வின் ஆறு மடங்கு இடைவெளியைக் குறைக்கப்போகும் கருவி என்பது என் அச்சம். பருமன் வசதியானவர்களிடம் தொடங்கினாலும் அங்கேயே தங்குவதில்லை. இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பிலும் கடைசி வகுப்பிலும் பிள்ளைகளை 2006 முதல் ஆண்டுதோறும் அளக்கிறார்கள். அங்கே ஏழ்மை மிகுந்த பகுதிகளில் பருமன் விகிதம் வசதியான பகுதிகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மலிவான ஆற்றல் எங்கே கிடைக்கிறதோ அங்கே எடை போகிறது.

சட்டம் இருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதற்குப் பத்தாண்டு முன்னால் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கின் விளைவு அது. தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் ஒரு தொடக்கப் பள்ளி வாசலில் நின்று ஐம்பது மீட்டரை நடந்து பார்த்தால், அந்த விதி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். பெட்டிக்கடைக்காரரை விரட்டுவது இதற்குத் தீர்வு என்று நான் நினைக்கவில்லை. பாக்கெட்டைத் தயாரித்தவர் அந்த ஐம்பது மீட்டருக்குள் ஒருபோதும் நிற்பதில்லை. 2016இல் சிலி நாடு செய்ததுபோலப் பாக்கெட்டின் முகப்பிலேயே கறுப்பு எச்சரிக்கை முத்திரை போட வைப்பது அவரைத் தொடும்.

5. பி.டி. பீரியடின் கதை

'ஓடியாடி விளையாடினால் சரியாகிவிடும்' என்பது பருமன் பற்றிய நம் இரண்டாவது நம்பிக்கை. இதைச் சான்றுகளோடு வைத்துப் பார்த்தால் சங்கடமான முடிவுகள் கிடைக்கின்றன.

இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் 54 தொடக்கப் பள்ளிகளில் நடந்த 'வேவ்ஸ்' ஆய்வு, ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு முழுவதும் பள்ளி நாளில் கூடுதலாக 30 நிமிட உடற்பயிற்சியும் பெற்றோருக்குச் சமையல் பயிற்சியும் கொடுத்தது. 2018இல் முடிவு வந்தபோது, எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதற்கு முன்பே, 2012இல், பிளிமத் ஆய்வாளர்கள் முப்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, இத்தகைய திட்டங்கள் பிள்ளைகளின் மொத்த உடலியக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் மட்டுமே கூட்டுகின்றன என்று காட்டினார்கள். பள்ளியில் ஓடிய பிள்ளை வீட்டில் உட்கார்ந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அதே குழுவின் இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: இயக்கக் குறைவு பருமனைக் கொண்டுவருவதைவிட, பருமன் இயக்கத்தைக் குறைப்பதற்கே அவர்கள் தரவில் வலுவான அடையாளம் இருந்தது. எடை கூடிய பிள்ளை ஓட மறுப்பதைச் சோம்பல் என்று படிக்கிறோம். ஓட்டத்தில் கடைசியாக வருவதன் அவமானம் அதற்கு முன்னால் வந்திருக்கலாம்.

இதை வைத்து விளையாட்டு தேவையில்லை என்று முடிவுகட்டினால் பெரிய தவறு. எலும்பு, இதயம், தூக்கம், இன்சுலின் வேலை செய்யும் திறன் ஆகியவை எடை குறையாமலே மேம்படுகின்றன. தசை குறைந்து பிறந்த புனேக் குழந்தையை நினைத்தால், நம் பிள்ளைகளுக்கு ஓட்டமும் ஏற்றமும் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட மிதமான, தீவிர இயக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் எடைக்காக மட்டும் அல்ல. விளையாட்டை இளைப்பதற்கான மருந்தாக விற்றால், இளைக்காத பிள்ளை மைதானத்தைவிட்டு வெளியேறிவிடும் என்பதே என் தயக்கம்.

மைதானம் இருந்தால். கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத்திடல் வேண்டும் என்கிறது. அதே அட்டவணை உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரை எங்கே கேட்கிறது என்று பார்க்க வேண்டும்: 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்து வரை யாரும் இல்லை. உடல் நிறை எண் திரும்பும் வயதில், தசை சேர வேண்டிய வயதில், உடலைக் கற்பிக்க ஆள் வேண்டும் என்று சட்டமே நினைக்கவில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் நகைச்சுவை மேல் வகுப்புகளுக்கு உரியது. தொடக்கப் பள்ளியில் கடன் கொடுக்கவே ஆள் கிடையாது. மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துப் பாடம் நடத்தும் ஈராசிரியர் பள்ளியில், பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

6. சிங்கப்பூர் எடை பார்த்த கதை

பிள்ளைகளை அளந்தால் மட்டும் போதாது என்பதற்கு, ஆயிரக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளும் படித்த ஒரு கல்வி அமைப்பு சாட்சி. சிங்கப்பூர் 1992இல் 'ட்ரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தைத் தொடங்கியது. மிகை எடைப் பிள்ளைகள் தனியாகப் பிரிக்கப்பட்டு, இடைவேளையிலும் பள்ளி முடிந்த பிறகும் கூடுதல் பயிற்சி செய்தார்கள். பள்ளிகளின் தரமும் இதை வைத்து மதிப்பிடப்பட்டது. எண்ணளவில் திட்டம் வென்றது: பருமன் 14 விழுக்காட்டிலிருந்து பத்தாண்டில் 10க்கும் கீழே இறங்கியது. ஆனால் மற்றவர்கள் நூடுல்ஸ் சாப்பிடும் இடைவேளையில் ஓடவைக்கப்பட்ட பிள்ளையின் பெயர் வகுப்புக்கே தெரிந்தது. கேலியும் உணவை வெறுக்கும் கோளாறுகளும் பற்றிய கவலைகள் வலுத்தன. 2007இல் திட்டம் கைவிடப்பட்டு, எல்லாப் பிள்ளைகளையும் உள்ளடக்கும் உடல்நலச் சட்டகம் அதன் இடத்துக்கு வந்தது.

சிங்கப்பூரின் வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே நடைமுறைப்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. நம் வகுப்பறைகளில் 'குண்டு', 'ஒல்லிப்பிச்சான்' என்று பட்டப்பெயர் வைப்பதற்கு அரசாணை தேவைப்படுவதில்லை. அதற்கு அரசு முத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தயங்குகிறார்கள்.

7. அரசின் சமையலறை

தமிழ்நாட்டுக்கு வேறெங்கும் எளிதில் இல்லாத ஒரு கருவி கையில் இருக்கிறது. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கி, காமராஜர் ஆட்சியில் மாநிலம் முழுவதும் பரவி, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவாக விரிந்த மரபு அது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என நுழைந்த முட்டை 2010இல் வாரம் ஐந்து நாள் ஆனது. 2022 செப்டம்பர் 15 முதல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் சேர்ந்தது. இன்று சுமார் 20 லட்சம் பிள்ளைகள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அதை உண்கிறார்கள். பெட்டிக்கடையின் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுக்கு எதிரான மிகப் பெரிய போட்டியாளர் இந்தச் சமையலறை. பசித்த வயிறுதான் வாசல் தாண்டி ஓடும்.

இந்தத் திட்டங்கள் பிறந்தது பசியைத் தணிக்க. அதற்கேற்பவே அவற்றின் கணக்கும் இருக்கிறது: மதிய உணவுக்கான தேசிய விதி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் என்று வரையறுக்கிறது. ஆற்றலையும் புரதத்தையும் எண்ணும் விதி, புரதம் எதிலிருந்து வருகிறது என்பதை அதே அக்கறையோடு எண்ணுவதில்லை. காலை உணவின் உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றை 'வெறும் மாவுச்சத்து' என்று ஒதுக்குவது அவசரம். பருப்பும் காயும் உள்ள சாம்பாரோடு அது ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டைவிட எவ்வளவோ மேல், வெறும் வயிற்றைவிட இன்னும் மேல். ஆனால் தசை குறைந்த பிள்ளைக்கு ரவையின் அளவைக் கூட்டுவதில் பயனில்லை. பருப்பு, பயறு, நிலக்கடலை, முட்டை ஆகியவற்றின் பங்கைக் கூட்டினால் அதே தட்டு ஊட்டக்குறைவுக்கும் எடை ஏற்றத்துக்கும் ஒருசேரப் பதில் சொல்லும். இரண்டுக்கும் இரண்டு துறை, இரண்டு திட்டம் தேவையில்லை. செலவு கூடும், முட்டையும் ஒருகாலத்தில் கூடுதல் செலவாகத்தான் பார்க்கப்பட்டது.

அளவீட்டுக்கும் இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைநலப் பரிசோதனைத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வர வேண்டும். அது தேட வேண்டிய முதல் 30 குறைபாடுகளின் பட்டியலில் கடும் ஊட்டக்குறைவு உண்டு, இரத்தசோகை உண்டு. உடல் பருமன் இல்லை. பட்டியலில் இன்னொரு வரி சேர்ப்பதைவிடப் பயனுள்ளது, ஒவ்வோர் ஆண்டும் எடுக்கும் உயரத்தையும் எடையையும் ஒரே பிள்ளையின் பெயரில் வரிசையாக வைத்து, பிறப்பு எடையோடு சேர்த்துப் படிப்பது. அந்த விவரம் பெற்றோருக்கும் செவிலியருக்கும் மட்டும் போகட்டும், கரும்பலகைக்கு வேண்டாம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போது ஐந்து புள்ளிகள் கிடைக்கும். டெல்லி ஆய்வாளர்கள் முப்பதாண்டு காத்திருந்து கண்ட வளைவின் முதல் பாதி அந்த ஐந்து புள்ளிகளுக்குள்ளேயே தெரிந்துவிடும். அப்போது அந்தப் பிள்ளைக்கு வயது பத்து. நீரிழிவு வர இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் இருக்கும்.